முள் எடுத்த சூடை மீன்

போன ஆவணி விடுமுறைக்கு அக்கா குடும்பம் கொழும்பிலிருந்து வந்திருந்தது. மருமகளுக்குப் பதின்மூன்று வயது. வந்த இரண்டாம் நாளே அவளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோட்டை வாசலைத் தாண்டி, வழியில் நின்ற மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, சாமி கும்பிட்டு, இராவணன் வெட்டை எட்டிப் பார்த்து, நேர்த்திக்குத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மரத்தடியில் கொஞ்ச நேரம் காற்று வாங்கிக்கொண்டு நின்றோம். அந்த இடத்தில் வெளியூர் ஆளோடு நிற்கும் திருகோணமலைக்காரன் எவனும் அடுத்ததாக எடுத்து விடுகிற கதை ஒன்று உண்டு. நானும் எடுத்து விட்டேன்.

ஒல்லாந்தர் காலம். 1687 என்று சொல்வார்கள். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் மகள் ஒருவனை விரும்பினாள். அவன் அவளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். கப்பல் இந்த மலையைக் கடந்து போகும் நேரம் அவள் ஓடிவந்து, அவன் கண் முன்னாலேயே இங்கேயிருந்து குதித்தாள். அதனால்தான் இந்த இடத்துக்கு லவர்ஸ் லீப் என்று பெயர், அவள் நினைவாக ஒரு தூண் கூட இருக்கிறது.

மருமகள் "ம்ம்" என்றாள். போனை நீட்டிக் கடலை ஒரு படம் எடுத்தாள். பிறகு திரும்பி, "அவள் ஏன் மாமா அவனை அவ்வளவு விரும்பினவள்?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. எத்தனை வருசமாக, எத்தனை பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்! கொழும்பு ஆட்கள், கனடாவிலிருந்து வரும் சொந்தம், கூட வேலை செய்பவர்கள். ஒருவர் கூட இதைக் கேட்டதில்லை. மலை எத்தனை அடி உயரம் என்று கேட்பார்கள். கீழே ஆழம் எவ்வளவு என்பார்கள். ஒருத்தர் உடல் கிடைத்ததா என்று கேட்டார். அதோடு சரி, கீழே இறங்கி இளநீர் குடிக்கப் போய்விடுவோம். அவள் சாகவே இல்லை, பிறகு வேறொருவரைக் கலியாணம் கட்டி வாழ்ந்தாள் என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் நான் கடைசியில் ஒரு பகிடியாகச் சேர்த்துச் சொல்வேன், கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஒருத்தரும் 'அப்பாடா, பிழைத்துவிட்டாளா' என்று மூச்சு விட்டதில்லை. செத்தவள் பிழைத்துவிட்டாள் என்று கேட்டும் ஒரு ஆறுதல் வரவில்லை என்றால், செத்தாள் என்று கேட்டபோதும் ஒரு கவலையும் வரவில்லை என்றுதானே கணக்கு?

யோசித்துப் பாருங்கள். பெண் இருக்கிறாள், கைவிட்டவன் இருக்கிறான், கப்பல், மலை, கீழே நுரை தள்ளும் கடல். ஒரு சோகக் கதைக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பேரும் சேர்ந்து இருந்த ஒரு பத்து நிமிசத்தை எங்களுக்கு யாரும் காட்டவில்லை. அவன் அவளை என்ன சொல்லிச் சிரிக்க வைப்பான், எந்த இடத்தில் சந்திப்பார்கள், எதற்குச் சண்டை பிடிப்பார்கள், ஒன்றும் தெரியாது. தெரியாத ஒருத்தி தெரியாத ஒருத்தனுக்காகக் குதித்தாள். அது செய்தி. இந்த ஊரில் பிறந்தவர்கள் கேட்டு வளராத செய்தியா?

அன்றிலிருந்து இது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஞாபகம் வந்தது டைட்டானிக். சிரிக்க வேண்டாம். படம் வந்தது 1997இல். எங்கள் ஒழுங்கைக்கு அது வந்து சேர ஒன்றரை வருசம் பிடித்தது. ஒரு வீட்டில் டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, காசு பிரித்து, இருபது இருபத்தைந்து பேர் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். ஆங்கிலம் விளங்குகிற அண்ணா ஒருவர் முன்னால் இருந்து இடைக்கிடை மொழிபெயர்த்தார், அதில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு என்பது பிறகு நானே படம் பார்த்தபோதுதான் தெரிந்தது. கப்பல் தாழும் என்று படம் தொடங்க முன்னமே எல்லாருக்கும் தெரியும். பெயரே அதுதானே. அப்படியிருந்தும் அந்தக் கப்பலின் முன்மூக்கில் இரண்டு பேரும் கையை விரித்து நிற்கிற காட்சியில் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. "சீ, பொடியங்களைக் கண்ணை மூடச் சொல்லுங்கோ" என்று ஒரு மாமி. அந்தக் காட்சி முடியும்போது, வயது போன பிறகு கதையைச் சொல்கிற அந்தக் கதாநாயகிக் கிழவியின் குரல், டைட்டானிக் கடைசியாகப் பகல் வெளிச்சம் பார்த்தது அப்போதுதான் என்று சொல்லும். மொழிபெயர்ப்பு அண்ணா அதை மட்டும் ஒழுங்காகச் சொன்னார். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் காட்சி இல்லை. கப்பல் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும்போது இருவரும் பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். அந்த நேரத்தில் அவள் அவனிடம், நாங்கள் முதன்முதல் சந்தித்தது இந்த இடத்தில்தான் என்பாள். படத்தின் தொடக்கத்தில் அவள் கடலில் குதிக்கப் போய், அவன் கதை கொடுத்து இழுத்தெடுப்பானே, அதே கம்பி. அந்த ஒரு வசனத்தில் பாயில் பின்வரிசை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, இந்தப் பெண்களுக்கு என்ன பிடித்தது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கப்பலோடு உண்மையாகவே 1,500 பேருக்கு மேல் செத்தார்கள், 1912 சித்திரையில். படத்திலும் ஆட்கள் மாம்பிஞ்சு கொட்டுகிற மாதிரி விழுகிறார்கள். அவர்களுக்காக எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் அழவில்லை. அழுதது ஒருத்தனுக்காக. அதுவும் அந்தக் கப்பலில் இருந்தே இராத, கதைக்காக உண்டாக்கின ஒருத்தனுக்காக. நியாயமில்லைதான். ஆனால் மனசு ஆயிரத்திலிருந்து எண்ணத் தொடங்குவதில்லை. ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணுகிறது.

இதை ஒரு சிநேகிதனிடம் சொன்னபோது அவன் எரிந்து விழுந்தான். சாவு சாவுதான், அதற்குப் பக்கத்தில் ஒரு காதலை வைத்துக் காட்டினால்தான் உனக்குக் கண்ணீர் வருமென்றால் பிழை உன்னில், அது கண்ணீரைப் பிதுக்கி எடுக்கிற வித்தை என்றான். பாதி சரி. பிதுக்கி எடுக்கிற வித்தை நிறையவே இருக்கிறது. பனிமலையில் இருபது பேர் பின்னால் ஆட இரண்டு பேர் பாடுவார்கள். அரை மணித்தியாலம் கழித்து அதில் ஒருத்தி செத்துப்போவாள். நாங்கள் கச்சான் உடைத்துக்கொண்டு இருப்போம். அந்தப் பாட்டில் அவளுக்குப் பதில் வேறொருத்தியை நிறுத்தியிருந்தாலும் ஒரு எழுத்து மாறியிருக்காது, பிறகு அவள் போனால் என்ன குறைந்துபோகும்? இன்னொரு வகை இதைவிட மோசம். கதாநாயகனின் நண்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து, "அடுத்த மாசம் கலியாணம் மச்சான்" என்பான். வீடே ஒரே குரலில் "சரி, இவன் முடிஞ்சான்" என்று சொல்லும். ஏனென்றால் அந்தக் காட்சிக்கே தெரியும் தான் எதற்கு வந்தேன் என்று. சாவு வரப்போகிறது என்று காதலுக்குத் தெரிந்துவிட்டால் அங்கே காதல் இல்லை, சாவுக்கு விரித்த பாய்தான் இருக்கிறது.

பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கலாம். அதில் குற்றமில்லை. ரோமியோ ஜூலியட்டில் திரை விலகிய கையோடு, இவர்கள் இருவரும் சாகப்போகிறார்கள் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஒளிவு மறைவே இல்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியாது. எல்லாரும் மாடத்துக் காட்சியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது மூன்றாம் அங்கத்தின் விடியற்காலைச் சண்டை. வெளியே பறவை ஒன்று கத்துகிறது. அவன் ஊரை விட்டு ஓட வேண்டியவன், விடிந்தால் பிடிபடுவான். அவள் சொல்கிறாள், அது விடியலில் கத்துகிற பறவை இல்லை, இரவில் பாடுகிற பறவை, நீ போக வேண்டாம். சரி, நீ சொன்னால் இரவுதான், என்னைப் பிடித்துக் கொல்லட்டும் என்று அவன் இருந்துவிடப் பார்க்கிறான். உடனே அவள் பயந்துபோய், ஐயோ அது விடியற்பறவைதான், ஓடு ஓடு என்கிறாள். புதிதாகக் கலியாணம் கட்டினவர்களின் எந்த வீட்டிலும் காலையில் கேட்கக்கூடிய வழக்கு. அதற்குப் பிறகு அந்த இருவரும் ஒருவரையொருவர் உயிரோடு காண்பதேயில்லை. கல்லறையில் அவன் வரும்போது அவள் மயக்கத்தில் கிடக்கிறாள், அவள் கண் விழிக்கும்போது அவன் இல்லை. அந்தப் பறவைச் சண்டை மட்டும் இல்லையென்றால் கல்லறைக் காட்சியில் நஞ்சும் கத்தியும்தான் மிச்சம்.

சரி, வெள்ளைக்காரன் கதை போதும். எங்கள் கதைக்கு வருவோம்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிலப்பதிகாரம் என்றால் வழக்குரை காதை. தலைவிரி கோலம், ஒற்றைச் சிலம்பு, உடைந்ததும் தெறித்தது மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்ததோ முத்து. மனப்பாடம் செய்து மேடையில் முழங்கிப் பரிசு கூட வாங்கியிருக்கிறேன். ஆனால் கோவலன் செத்ததற்கு எனக்கு ஒரு துளி கவலை வந்ததில்லை. வந்ததெல்லாம் ஒரு வீரம். நீதி, கற்பு, அரசன் பிழை செய்தால் என்ன நடக்கும் என்கிற பாடம். கோவலன் யார்? மாதவியிடம் போய்க் காசெல்லாம் தொலைத்தவன். அவன் செத்தால் என்ன?

பிறகு வேலையில்லாமல் இருந்த ஒரு வருசத்தில் முழுப் புத்தகத்தையும் உரையோடு உட்கார்ந்து படித்தேன். இரண்டாவது காதையில் நிலா முற்றத்தில் இருந்து கோவலன் கண்ணகியைப் புகழ்வான். பொன்னே, முத்தே, தேனே, கரும்பே என்று. அழகான பாட்டு, மறுப்பதற்கில்லை, ஆனால் அவ்வளவு புகழ்ச்சிக்கும் அவள் வாய் திறப்பதேயில்லை. அவனுக்கு வயது பதினாறு, அவளுக்குப் பன்னிரண்டு, அவன் பாட்டுக்கு அளந்துகொண்டே போகிறான். என் கணக்கில் அது காதல் காட்சியே இல்லை. ஒருத்தன் தன் குரலைத் தானே கேட்டுச் சந்தோசப்படுகிற காட்சி.

காதல் காட்சி வருவது பதினாறாவது காதையில். அதன் பெயரே கொலைக்களக் காதை, பாருங்கள். எல்லாம் தொலைத்து, மதுரைக்கு நடந்து வந்து, இடைச்சேரியில் மாதரி என்கிறவளின் வீட்டில் ஒதுங்கியிருக்கிறார்கள். கண்ணகி சமைக்கிறாள். பெரிய வணிகன் வீட்டுப் பிள்ளை. காய் அரிந்து விரல் சிவக்கிறது, முகம் வேர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை பக்கத்திலிருந்து அடுப்பு மூட்டிக் கொடுக்கிறாள். கோவலனைப் பாயில் இருத்தி, காலைக் கழுவி, நிலத்தில் நீர் தெளித்து, வாழைக் குருத்தை விரித்து, சாப்பிடுங்கள் என்கிறாள். அவன் சாப்பிடுகிறான். வெற்றிலை கொடுக்கிறாள். வாசலில் நின்று தாயும் மகளும் இவர்களைப் பார்த்து, கண்ணனும் நப்பின்னையும் மாதிரி இருக்கிறார்களே என்று பூரித்துப் போகிறார்கள்.

அப்போதுதான் அவன் உடைகிறான். நான் செய்ததெல்லாம் பிழை, உன்னை எழு என்றேன், நீ எழுந்து வந்துவிட்டாய், என்ன காரியம் செய்தாய் என்று கேட்கிறான். இந்த முறை அவள் பேசாமல் இருக்கவில்லை. பெரியவர்கள் மெச்சாத ஒழுக்கத்தில்தான் நீங்கள் நடந்தீர்கள், நானோ உங்கள் சொல்லை மாற்றாத மனசோடு வாழ்ந்தவள், அதனால்தான் எழுந்தேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். ஒரு குத்தும் உண்டு, ஒரு மன்னிப்பும் உண்டு. இத்தனை வருசத்தில் அந்த இரண்டு பேரும் ஒழுங்காகக் கதைத்தது அன்றைக்குத்தான். அணைத்துக்கொள்கிறான், கண்ணீரை மறைத்துக்கொள்கிறான், சிலம்பில் ஒன்றை வாங்கிக்கொண்டு விற்றுவரப் போகிறான். அதே காதையில் வெட்டுப்படுகிறான்.

இளங்கோ எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நிலா முற்றத்தை முன்னுக்கு வைத்துவிட்டான், அது எங்களுக்கு மறந்தே போயிருக்கும். கொலைக்குப் பக்கத்தில் வைத்தது நிலாவையும் முத்தையும் இல்லை, புகையில் சிவந்த கண்ணை, வாழைக் குருத்தை, ஒரு வேளைச் சாப்பாட்டை. அதைப் படித்த பிறகு வழக்குரை காதைக்குப் போனால் அதே வரிகள் வேறு மாதிரி இருக்கின்றன. அவள் கேட்கிறது நீதி மட்டும் இல்லை. இலை கழுவிக் காய முன்னம் போய்விட்டவனைக் கேட்கிறாள்.

எங்கள் கிழக்குப் பக்கம் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசியில் சடங்கு வைத்து, வழக்குரை பாடி, கடைசியில் குளிர்த்தி பாடுவார்கள். அவள் கோபத்தை ஆற்றுவதற்கு. மட்டக்களப்பில் ஒரு முறை சிநேகிதன் வீட்டில் தங்கி அதைப் பார்த்தேன். நடுச்சாமம் தாண்டியும் சனம் கலையவில்லை. பாட்டில் கோவலன் வெட்டுப்படுகிற இடம் வரும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி, ஒவ்வொரு வருசமும் கேட்கிற கதைதான், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை நூற்றாண்டாகத் தண்ணீர் தெளித்தும் ஆறாத கோபம் என்றால் அதன் அடியில் எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த கதை.

எங்கள் அம்மம்மாவுக்கு ஒரு தங்கை. அம்மாவுக்குச் சின்னம்மா முறை, அம்மா குஞ்சம்மா என்று கூப்பிடுவார், அதைக் கேட்டு நாங்களும் குஞ்சம்மா என்றே கூப்பிட்டோம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தார். வெள்ளைச் சேலை. அதிகம் கதைக்க மாட்டார். மீன் சாப்பிட மாட்டார், இறைச்சி சாப்பிடுவார். அது ஏதோ விரதம் என்று நினைத்திருந்தோம். அவரைப் பற்றி வீட்டில் ஒரே ஒரு வசனம்தான் புழக்கத்தில் இருந்தது: "குஞ்சம்மாட மனுசன் 64 புயலில கடலோட போனவர்." முகவரி சொல்கிற மாதிரிச் சொல்வார்கள். 1964 மார்கழி 22இல் திருகோணமலையைக் கடந்து போன புயல். அதே புயல்தான் அன்றிரவு தனுஷ்கோடிக்குப் போய் ரயிலோடு ஊரையே கொண்டுபோனது.

அந்த வசனத்துக்கு இரண்டாவது பாதி ஒன்று இருந்தது. அது வீட்டில் எந்தப் பெண்பிள்ளையாவது யாரையாவது விரும்புகிறாள் என்று சந்தேகம் வரும்போது மட்டும் வெளியே வரும். "சொல்வழி கேக்காமப் போனா என்ன நடக்கும் எண்டு குஞ்சம்மாவைப் பார்." அம்மம்மா ஆட்கள் தம்பலகாமத்து வயல்காரர். குஞ்சம்மா விரும்பிப் போனது கடற்கரைப் பொடியனோடு. அறுவடை காலத்தில் கருவாட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நெல்லுக்கு மாற்றிப் போவாராம். வீட்டார் தலை முழுகினார்கள். மூன்று மாசத்தில் புயல். அதற்குப் பிறகு அம்மம்மாதான் போய்க் கூட்டிவந்தார். ஆக வீட்டில் சொல்லப்பட்ட கதையில் போனதும் இருந்தது, செத்ததும் இருந்தது, நடுவில் இருந்த மூன்று மாசம் மட்டும் இல்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றே என்று இப்போது தோன்றுகிறது. அதை எடுத்துவிட்டால் சாவு பாடமாகிவிடும், பாடத்துக்காக யாரும் அழத் தேவையில்லை.

நான் ஏ.எல். பரீட்சை எடுத்துவிட்டு வீட்டில் இருந்த காலம், ஒரு மார்கழி மழை, கரண்ட் போய் மூன்று மணித்தியாலம். அம்மா, நான், அக்கா, குஞ்சம்மா, நடுவில் ஒரு மெழுகுதிரி. அக்காவுக்கு அப்போது கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சும்மா பகிடிக்கு, "குஞ்சம்மா, நீங்கள் ஏன் அவரோட போனனீங்கள்?" என்று கேட்டுவிட்டாள். அம்மா அவள் தொடையில் கிள்ளினார். குஞ்சம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் முள்ளு எடுத்துத் தருவார்" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை.

"எங்கட தம்பலகாமத்தில விரால் மீன். நடுமுள்ளு ஒண்டு, இழுத்தா வந்திடும். அங்க போன முதல் நாளே சூடை. உடம்பு முழுக்க முள்ளு. எனக்குத் தின்னத் தெரியேல்ல. தொண்டையில குத்திக் கண்ணால தண்ணி. மாமி பார்த்துக்கொண்டு இருக்கிறா. வயல்காரிக்கு எங்கட மீன் இறங்குதில்லையாக்கும் எண்டுறா. அடுத்த நாள் அவர் சாப்பிட்டு எழும்பினார். அவர் கோப்பையிலதான் பிறகு நான் சாப்பிட வேணும். பார்த்தா ஒரு ஓரத்தில முள்ளெல்லாம் எடுத்த மீன். சோத்துக்குள்ள மறைச்சு வச்சிருக்கிறார்."

ஒவ்வொரு நாளும் அப்படித்தானாம். ஒன்றும் சொல்ல மாட்டாராம், இவரும் கேட்க மாட்டாராம். மாமியாருக்கு மட்டும் ஒரே கவலை, மகன் பாதிச் சாப்பாட்டோடு எழும்புகிறான், மருமகளின் கறி வாய்க்கு வைக்க வழியில்லை, பொடியன் மெலிந்து போகிறான் என்று. ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிவாராம். "மூண்டு மாசமா அந்த மனிசிக்கு விளங்கேல்ல" என்று சொல்லிக் குஞ்சம்மா சிரித்தார். இருட்டில் அவர் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அக்கா விடவில்லை. கடைசி நாளைப் பற்றிக் கேட்டாள்.

"அண்டைக்கு மீன் இல்ல. ரெண்டு நாளா வாடை, கடலுக்கு ஒருத்தரும் போகேல்ல. பருப்பும் சொதியும். அவர் முழுக்கச் சாப்பிட்டிட்டார். கோப்பை வெறும் கோப்பை. எனக்குக் கொஞ்சம் கோவம். ஒரு வாய் வைக்கேல்ல எண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டன். காத்துக் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்துது, வலையைக் கழட்டிக்கொண்டு வாறம் எண்டு ரெண்டு பேரோட போனார்."

அவ்வளவுதான். அழவில்லை. மெழுகுதிரியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "எனக்கு இப்பவும் முள்ளு எடுக்கத் தெரியாது" என்றார்.

அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். இருட்டில் அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

இதில் எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று உண்டு. நான் மேலே சொன்னதெல்லாம் காதல் முன்னால் வந்து சாவு பின்னால் வருகிற கதைகள். குஞ்சம்மா விசயத்தில் எல்லாம் தலைகீழ். சாவு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், காதல்தான் நாற்பது வருசம் பிந்தி வந்தது, அதுவும் ஒரு கோப்பை மூலையில். வந்த அன்றைக்குத்தான் அந்த மனிதர் எனக்குச் செத்தார். அடுத்த நாள் காலையில் கடற்கரைப் பக்கம் போனபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், வலையின் மடியில் சூடை துள்ளியது, என்னால் நின்று பார்க்க முடியவில்லை. அதோடு வீட்டில் அந்தப் பாடமும் நின்றுபோனது. பிறகொரு நாள் பெரிய மாமி யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிக் கதைக்கும்போது "குஞ்சம்மாவைப் பார்" என்று தொடங்க, "போதும், விடுங்கோ மச்சாள்" என்று அம்மா வெடுக்கென்று சொன்னார். அம்மா அப்படிக் கதைக்கிற ஆள் இல்லை.

குஞ்சம்மா போய் இப்போது ஆறு வருசம். செத்த வீட்டுக்கு வந்த சனம் பந்தலுக்குள் இருந்து, 64 புயலில மனுசன் போனது, பாவம் என்று சொல்லிக்கொண்டது. எனக்கு எழும்பி நின்று முள்ளுக் கதையைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. அது அவர் எங்களுக்கு மட்டும் சொன்னது என்றொரு எண்ணம். இப்போது இங்கே எழுதுகிறேன், அந்த எண்ணம் எங்கே போனதோ தெரியாது.

கோயிலால் திரும்பி வந்த அன்று இரவு மருமகளுக்குச் சொன்னேன். புயலில் தொடங்கவில்லை, சூடை மீனில் தொடங்கினேன். மாமியார் ஒழுங்கை முழுக்க முறைப்பாடு சொன்ன இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். வெறும் கோப்பை இடம் வந்தபோது போனைக் கீழே வைத்தாள். முடிந்த பிறகு கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் விளக்கை அணைக்க எழும்பினேன்.

"மாமா, அவருக்கு என்ன பேர்?"

குஞ்சம்மா எப்போதும் அவர் என்றுதான் சொல்வார். மனுசன் பெயரைச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. எங்கள் வீட்டார் குஞ்சம்மாட மனுசன் என்பார்கள். பக்கத்து அறையில் அம்மா இன்னும் நித்திரை இல்லை, கூப்பிட்டுக் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்மம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அம்மம்மா செத்து இருபது வருசம். அடுத்த நாள் பெரிய மாமாவுக்குப் போன் எடுத்தேன். அவருக்கும் தெரியவில்லை.